சுவருக்கு இல்லாத தடை

வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருப்பதும் ஒரு வேலைதான்; அதில் ஓய்வு பெறும் வயது கிடையாது. எங்கள் காலனிக்கு நடந்தவற்றை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு கம்பெனி எங்கள் சுடுகாட்டுப் பாதையை மறித்துச் சுவர் எழுப்பியது. இரண்டாவது, அதிகாரிகள் எங்கள் மனுவை வாங்கிவைத்துக்கொண்டு மறந்தார்கள். மூன்றாவது, மறியலில் ஊரே உட்கார்ந்தது, போலீஸ், காலனித் தலைவன் ஏழுமலை என்று என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. நான்காவது, பதினொரு பேர் சேர்ந்து முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம்; சாட்சி விசாரணை தொடங்கும் நேரத்தில் கம்பெனி மேல் கோர்ட்டில் தடை வாங்கியது. கோர்ட் வாசலில் கால் கடுக்க நிற்கும் தோழர்களே, மீதி உங்களுக்கும் தெரிந்ததுதான்.

லட்டு

ஸ்டே வந்துவிட்டது என்று வக்கீல் குமாஸ்தா போனில் சொன்னதும், தேவராஜ் காலனி முழுக்க லட்டு கொடுத்தான். வழக்குப் போட்டவர்களில் ஒருவன் அவன்; ஸ்டீல் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. 'சுவருக்குத் தடை வேண்டும்' என்று நோட்டீஸ் அடித்து ஊரெங்கும் ஒட்டியவன் நான். தடை என்றாலே நமக்கானது என்று நம்பி இரண்டு லட்டு தின்றேன். மறுநாள் வக்கீல் என்னை உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார்: "தலைவரே, தடை சுவத்துக்கு இல்ல, நம்ம கேஸுக்கு."

காவல்

தடை விழுந்த வழக்கு நடப்பதும் இல்லை, சாவதும் இல்லை. வாய்தாவுக்கு வாய்தா வழக்குக் கட்டு வெளியே வரும். தடை நீடிக்கிறது என்று எழுதி அடுத்த தேதி போடுவார்கள். அது என்றைக்கு விலகும் என்று யாருக்கும் தெரியாது. விலகிய பிறகு கூப்பிடும்போது நம் பக்கம் ஆளில்லை என்றால் வழக்கு தள்ளுபடி, சுவர் நிரந்தரம்.

முதல் வாய்தாவுக்குப் பதினொரு பேரும் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போனோம். ஆறாவதுக்கு நானும் தேவராஜும் மட்டும். ஏழாவதுக்கு அவனைக் கூப்பிடப் போனேன். ஷூ மாட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னான்: "கேஸு தூங்கிகினு கீதுண்ணே. அதுக்குக் காவலுக்கு எத்தினி பேரு, நீ ஒருத்தன் போதும்."

டீ

அதன்பின் கோர்ட் வராந்தாவில் என்னோடு பேச இருந்த ஒரே ஆள் கம்பெனியின் ஜூனியர் வக்கீல், ஒரு பெண். எதிரியோடு டீ குடிப்பவன் துரோகி என்று நோட்டீஸில் எழுதியவன் நான்; முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மூன்றாம் வருடம் ஒருநாள் எனக்கும் சேர்த்து வாங்கிவந்தார். குடித்தேன். காலையிலிருந்து வேறு யாரும் என்னிடம் வாய் திறந்திருக்கவில்லை. எழும்போது சொன்னார்: "ஐயா, எங்க கம்பெனியிலயே இந்தக் கேஸை யாரும் ஞாபகம் வெச்சிருக்கல. நீங்களும் நானும்தான்."

பத்துக் கதவு

சென்ற மாதம் தடை விலகியது. பத்து வீட்டுக் கதவையும் தட்டினேன். பாதிப் பேர் ஷிஃப்டில் இருந்தார்கள், மீதிப் பேர் இருந்தும் இல்லை. தேவராஜின் மனைவி மேரி மட்டும் வெளியே வந்தார்: "பொணத்த ஹைவேஸ் சுத்தி எடுத்துக்கினு போயே பழகிட்சிண்ணே. பாதை எங்க இருந்துச்சின்னே எம் புள்ளைக்குத் தெரியாது."

கூப்பிடும் நாள்

தலைவன் கடைசியில்தான் நிற்கவேண்டும் என்று என் பெயரைப் பதினொன்றாவதாகப் போடச் சொன்னவன் நானே. விசாரணை அன்று, சம்மன் வாங்கி வந்த சர்வேயரும் மற்றச் சாட்சிகளும் வராந்தாவில் நிற்க, டவாலி பட்டியலை உரக்கப் படித்தார். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை. பத்துப் பெயருக்கும் பதில் இல்லை. சாட்சிகள் என்னைப் பார்த்தார்கள், நான் தூணைப் பார்த்தேன்.

பதினொன்றாவதுக்கு நான் குரல் கொடுத்ததில் வழக்கு பிழைத்துவிட்டது தோழர்களே, எங்கள் ஒற்றுமையைச் சாட்சிகள் அறிய அன்று ஒரே பெயரில் படித்துவிட்டார்கள்: "ஏழுமலை."