மூக்கனுக்கு வராத வாசம்

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் அந்தப் பட்டறையில் அவனை எல்லாரும் மூக்கன் என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு ஒன்றும் பெரியதில்லை. அது செய்த வேலைதான் பெரியது. கண்ணைக் கட்டிவிட்டு நாலு சட்டையை நீட்டினால் எது யாருடையது என்று சொல்லிவிடுவான். கூடவே, "இதைத் தோய்க்காம வச்சிருக்கிறவன் கல்யாணத்துக்கு ஆசைப்படக் கூடாது" என்று ஒரு குத்தும் விழும். பெயிண்ட்டை இளக்கும் தின்னர் டப்பா வந்தால் அவன் முகர்ந்து தலையாட்டிய பிறகுதான் முதலாளி சரக்கை இறக்குவார்.

அந்த மூக்கு எப்போது செத்தது என்று அவனுக்கே தெரியாது. ஒரேயடியாகப் போயிருந்தால் பதறியிருப்பான். அது கடைசி பெஞ்சுக்காரன் வகுப்பிலிருந்து நழுவுகிற மாதிரி சத்தமில்லாமல் நழுவிவிட்டது. வேலையின்போது போடும் வெள்ளைக் காகித மாஸ்க்குக்குள் தின்னர் நெடி குறையக் குறைய, "இப்பல்லாம் மாஸ்க்கை நல்லா பண்றானுங்க" என்று பாராட்டிக்கொண்டிருந்தான், பாவி.

ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து செல்போனில் சிரிப்பு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். குளித்துவிட்டு வந்த மனைவி கத்தினாள்: "உங்க மூக்கு ஊருக்கு மட்டும்தான் உழைக்குமா?"

அன்று தெரிந்துபோயிற்று. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு இல்லாத மூக்கனை எவன் மதிப்பான்? மற்றவர்கள் முகம் சுளித்தால் தானும் சட்டென்று சுளிக்கப் பழகிக்கொண்டான்.

மனைவியின் தம்பியை அவன் பட்டறையில் சேர்த்துவிட்டது அதற்குப் பிறகுதான். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மச்சினன் வந்து நின்றான்.

"மாமா, மாஸ்க் போட்டும் நெடி உள்ள வருது. தொண்டை எரியுது."

மூக்கன் பெயிண்ட் அறைக்குள் போய், எல்லாரும் பார்க்க நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டு வந்தான்.

"எங்கடா வருது? எனக்கு வராத வாசம் உனக்கு மட்டும் வந்துடுச்சா? வேலைக்குச் சாக்கு தேடாத மாப்ள."

பட்டறையே சிரித்தது. மச்சினனும் சிரித்தான். மூக்கன் சொன்னதற்கு அப்பீல் ஏது? அதன்பிறகு மச்சினன், இருமல் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று இருமினான்.

கடைசியில் ஒரு மத்தியானம், கையில் பெயிண்ட் துப்பாக்கியோடு அந்தச் சுவரிலேயே சரிந்தான். தரையில் விழுந்த மீன் மாதிரி வாய் திறந்து திறந்து மூடியது. மூச்சுக்குழாய் கெட்டுவிட்டது, இனிமேல் பெயிண்ட் இருக்கும் இடத்தில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பயந்துபோன முதலாளி, மாஸ்க் விற்கும் பெண் ஒருத்தியை வரவழைத்தார். அவள் காகித மாஸ்க்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"இது தூசிக்குண்ணா. நெடி இதுக்குள்ள கைவீசி நடந்து போகும்."

கரி அடைத்த டப்பா மாட்டிய ரப்பர் மாஸ்க் ஒன்றைக் காட்டினாள். முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் அந்த இடுக்கு வழியாக நெடி நுழைந்துவிடும். ஒட்டுகிறதா என்று பார்க்க வாழைப்பழ வாசமுள்ள மருந்து ஒன்று வைத்திருந்தாள். மாஸ்க்குக்குள் அந்த வாசம் வந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்.

"அதுக்கு முன்னாடி மூக்கு வேலை செய்யுதான்னு பாக்கணும். இந்த ரெண்டு பாட்டில்ல ஒண்ணு வெறும் தண்ணி. பழ வாசம் எதுல?"

"நம்ம மூக்கனுக்கே பரீட்சையா!" என்று ஒருவன் விசிலடித்தான்.

மூக்கன் இரண்டு பாட்டிலையும் முகர்ந்தான். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். எந்த முகத்திலும் விடை இல்லை. ஒரு பாட்டிலை நீட்டினான். தண்ணீர்.

"மேடத்தையே கலாய்க்கிறான் பாரு!"

அவனும் சேர்ந்து சிரித்தான். அவள் பாட்டில்களை முதுகுக்குப் பின்னால் மாற்றி மறுபடி நீட்டினாள். மறுபடியும் தண்ணீர்.

அவள் குரலைத் தணித்துக் கேட்டாள். "அண்ணா, எவ்ளோ நாளா இப்படி?"

சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது.

கரி தீர்ந்துபோனால் நெடியே காட்டிக்கொடுக்கும் என்று நம்பக் கூடாது, பெயிண்ட் இறுகுவதற்காக நீங்கள் கலக்கும் ஹார்டனர் நல்ல மூக்குக்குக்கூடச் சிக்காது என்றாள். வெளியே சுத்தமான இடத்திலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் மாஸ்க்தான் இந்த அறைக்கு லாயக்கு. முதலாளி தலையாட்டினார்.

வீட்டில் மச்சினன் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவன் முகத்திலும் ஒரு மாஸ்க். அதிலிருந்து ஒரு குழாய். குழாய் முடியும் இடத்தில் மருந்தைப் புகையாக்கும் மெஷின் கர்ரென்று இரைந்தது.

"என்ன மாமா, மாஸ்க் வாங்கியாச்சா?"

"ஆச்சு. குழாய் வச்சது."

"அப்போ நாம குழாய்க் குடும்பம்."

மூக்கன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"மாப்ள, என் மூக்கு செத்துப்போச்சுடா. நீ வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே."

கதவருகே மனைவி தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். மச்சினன் மாஸ்க்கை மெல்லக் கழற்றினான். திட்டப்போகிறான் என்று மூக்கன் காத்திருந்தான். திட்டினால் தேவலை.

"அப்போ அந்த நெடி?"

"வந்திருக்குடா. நீ சொன்னது அத்தனையும் நெசம்."

"நான் சாக்குதான் சொல்றேன்னு நானே நம்பிட்டேன் மாமா. படுக்கும்போதெல்லாம் என்னையே திட்டிக்குவேன், சோம்பேறின்னு."

மேலே பேச விடாமல் இருமல் வந்தது. கையிலிருந்து மாஸ்க் நழுவியது. மூக்கன் அதை எடுத்து அவன் முகத்தில் வைத்து, அன்று கற்றுக்கொண்டபடி, எங்கும் இடுக்கு விழாமல் விளிம்பைச் சுற்றி விரலால் அழுத்திப் பிடித்தான். மச்சினன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. ஓரத் துளைகள் வழியாக மருந்துப் புகை வெளியேறி மூக்கனின் முகத்தில் ஈரமாகப் படிந்தது. அதற்கு என்ன வாசம் என்று அவனுக்குத் தெரியவில்லை.