தாம்பாளத்தில் மிஞ்சிய வெற்றிலை

சாரலில் நனைந்த வெற்றிலையின் வாசம் மூக்கில் பட்டால், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட வருடத்து ஆடி மாதம் எனக்கு நினைவு வந்துவிடும். தென்காசியில் எங்கள் தெருக்கூட்டம் முடியும்போது வெற்றிலைத் தாம்பாளம் சுற்றி வரும். வீட்டுக்கு ஒருவர் ஒரு வெற்றிலை எடுத்துக்கொண்டால் பேசி முடித்ததற்குச் சம்மதம் என்று பொருள். எடுக்காத வீட்டை அதுவரை நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில், புருஷன் வீட்டைவிட்டு வந்துவிட்ட எங்கள் தெருச் செண்பகம் அக்கா முளைப்பாரி எடுக்கக் கூடாது என்று பேசி முடித்தார்கள். அக்காவோ பயறு ஊறவைத்துத் தூவி, இருட்டறையில் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பட்டாளத்தில் இருந்ததால் எங்கள் வீட்டுக்காக அம்மா போயிருந்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். அந்தக் கூச்சம்தான் எனக்கும் வந்திருக்கிறது. தாம்பாளம் வந்ததும், வெற்றிலையைத் தொடாமல் அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"பட்டாளத்தார் வீட்டுல வெத்தல போட மாட்டியளோ?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"அவ முளப்பாரி எடுக்கட்டும் அண்ணாச்சி" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

ஒரு வீடு சொல்லி என்ன ஆகும்? அக்காவின் முளைப்பாரி வீட்டுக்குள்ளேயே வாடிப்போனது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற பெண்கள் "வாரியளா" என்று வாசல்தோறும் கூப்பிட்டுப் போனார்கள். எங்கள் வாசலில் மட்டும் நடையை எட்டிப் போட்டார்கள்.

பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தை புறவாசல் வழியாக வந்தாள். "மயினி, நீங்க செஞ்சதுதான் சரி. எனக்கும் மனசு கேக்கல."

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "இத அங்கன வச்சுச் சொல்லியிருந்தா ரெண்டு பேராயிருப்போம்லா."

இப்போது குத்துக்கல்வலசையில் மகன் வீட்டில் இருக்கிறேன். தெருக்கூட்டமும் இல்லை, தாம்பாளமும் இல்லை. செல்போன் குழுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் சம்மதம். கட்டட வேலைக்கு வந்திருக்கிற வடக்கத்திப் பிள்ளைகள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று இன்று காலை ஒருவர் போட, வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன.

"எம்மா, நமக்கு எதுக்கு வம்பு?" என்றான் மகன்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'எனக்குச் சம்மதம் இல்லை. அவர்கள் பிடிக்கட்டும்' என்று போட்டேன். போட்டதை அழிக்கவில்லை.

சற்று நேரத்தில் எதிர்வீட்டு டீச்சர் எனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்தாள்: 'நீங்க சொன்னதுதான் சரி ஆச்சி.'

'அங்கன வந்து சொல்லு தாயி' என்று பதில் போட்டுவிட்டு, குழுவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.