பதினாறாவது பல்சக்கரம்

2006-ஆம் ஆண்டு, மாம்பழ சீசன் முடிகிற சமயம். சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் என் மானம் கப்பலேறப் பார்த்தது.

நான் ஓசூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ என்று பதினைந்து வருடம் ஓட்டியாயிற்று. இத்தனை கம்பெனிகள் இருக்கிற ஊரில், அவர்களுடைய சரக்கைப் படம் எடுக்க மட்டும் பெங்களூரிலிருந்துதான் ஆள் வருவார்கள். அது எனக்குப் பொறுக்காது. பெங்களூர் போயிருந்தபோது ஒரு பழைய சாமான் கடையில் சின்ன டெக்னிக்கல் கேமரா ஒன்று கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டேன். பின்னால் தேய்த்த கண்ணாடி, முன்னால் லென்ஸ் மாட்டும் பலகை, நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு. லென்ஸை முன்னே பின்னே நகர்த்தலாம், சாய்க்கவும் செய்யலாம். ஆனால் லென்ஸ்தான் இல்லை! இருட்டறையில், படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் சும்மா கிடந்த லென்ஸுக்கு லேத்தில் ஒரு வளையம் கடைந்து வாங்கி மாட்டினேன். என் மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதற்கு நாலு கோழியாவது வாங்கியிருக்கலாம் என்றாள்.

தொழிற்கூட முதலாளி பல்சக்கரம் செய்பவர். வெளிநாட்டுக்காரர்களிடம் காட்ட முதன்முதலாக ஒரு கேட்லாக் போடுகிறார். அட்டைக்கு, பதினாறு சக்கரங்களை நீள மேஜையில் வரிசையாகப் படுக்கவைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வெட்டியிருக்கும் எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒருவர் எடுத்த படத்தில் முன்னால் நாலு தெளிவு, மிச்சமெல்லாம் புகை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். லென்ஸைச் சாய்த்தால் மேஜை முழுக்க பளிச்சென்று வரும் என்று அளந்துவிட்டேன். வீட்டில் புத்தகங்களை அடுக்கி ஒரே ஒரு தடவை செய்து பார்த்த தைரியம்தான். மாலை நாலு மணிக்கு ஃபிலிம் பெங்களூர் பஸ் ஏற வேண்டும். அச்சகம் அதற்குமேல் காத்திருக்காது.

ஒரு மணிக்குக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த வரிசையில், தூரக் கோடியில் இருந்த பதினாறாவது சக்கரத்தைத் தெளிவாக்கினேன். லென்ஸை மெல்ல முன்னால் சாய்த்தேன், முதல் சக்கரமும் தெளிந்தது. ஆஹா என்று பதினாறாவதைப் பார்த்தால் அது கலங்கிப் போயிருந்தது. எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று லென்ஸை நேராக நிமிர்த்தி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் அதே கதை. இப்படியே இரண்டு மணி நேரம். வேடிக்கை பார்க்க வந்தவர்களை, வெளிச்சத்தை மறைக்கிறீர்கள் என்று விரட்டினேன். வெளிச்சமா பிரச்சினை? முதலாளி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, "ஆயிடுச்சுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போவார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

விரட்டியும் நகராதவர் ஒருவர் இருந்தார். இன்ஸ்பெக்‌ஷனில் வேலை செய்யும் பெண், சிவகங்கைப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். அவருடைய வேலை இடமே அதுதான், எங்கே போவார்? மூன்று மணி வாக்கில், நான் மறுபடி லென்ஸை நிமிர்த்தப் போனபோது கேட்டார்: "ஏண்ணே, நல்லாத்தான வந்துக்கிட்டிருந்தீக, எதுக்குத் திரும்பத் திரும்ப நிமித்துறீக?"

எரிச்சலோடு சொன்னேன், இந்த முனை சரியானால் அந்த முனை கெட்டுப்போகிறது என்று. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் மேஜைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு வார்ப்பு இரும்புத் துண்டு, மட்டம் சரிபார்ப்பதற்காகத் திருகுகளின்மேல் நின்றது. அதைத் தொட்டபடி ஒரு டயல், அதில் ஏற்ற இறக்கம் காட்டும் ஒரு முள்.

"இந்தப் பக்கம் ஏத்துனா அந்தப் பக்கம் மாறத்தாண்ணே செய்யும். அதுக்காக மொதல்லருந்தா வைப்போம்? மாறுனத மட்டும் சரி பண்ணிட்டு இங்கிட்டு வருவோம், திரும்ப அங்கிட்டுப் போவோம். ஒவ்வொரு வாட்டியும் கோளாறு கொறஞ்சுக்கிட்டே வரும். நாலஞ்சு வாட்டில முள்ளு நின்னுரும்."

எனக்குச் சுரீரென்றது. நான் தப்பே செய்யவில்லை, பாதி வழியில் திரும்பித் திரும்பி ஓடி வந்திருக்கிறேன்! சாய்வைத் தொடாமல் பதினாறாவதைத் திரும்பத் தெளிவாக்கினேன். முதலாவது கொஞ்சம்தான் கலங்கியது. அதற்கு இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். மறுபடி பதினாறாவது, மறுபடி முதலாவது. ஐந்தாவது முறை இரண்டுமே அசையவில்லை. அவரைத் துணிக்குள் பார்க்கச் சொன்னேன். பதினாறு எண்களையும் தலைகீழாகவே கடகடவென்று படித்தார். ஃபிலிம் பஸ் ஏறியபோது நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

அடுத்த வாரம் முதலாளி அட்டைப் படத்தின்மேல் பூதக்கண்ணாடியை ஓட்டிவிட்டு, எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டி, கில்லாடி என்றார். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பாராட்டை அப்படியே விழுங்கிவிடத்தான் வாய் திறந்தது. அந்தப் பெண் எதுவும் நடக்காதது மாதிரி டயல் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. நடந்ததைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "நல்லா வந்திருக்குண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப்பின் நிறைய கம்பெனிகளுக்குப் படம் எடுத்துவிட்டேன். ஆனாலும் தொழிலிலோ வீட்டிலோ ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும்போதெல்லாம், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா என்று கை பரபரக்கிறது. எதுக்கு நிமித்துறீக என்று அவர் கேட்டது காதில் விழும், கை தானாக நின்றுவிடும்.