அடியில் ஒரு கையெழுத்து

அப்பாவின் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்ன அம்மா, "கூட்டி எழுதாதை பிள்ளை, அவருக்குப் பிடிக்காது" என்றும் சொன்னார். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது, கோபம் வந்தால் இரண்டு நாள் கதைக்க மாட்டார். மற்றதெல்லாம் நல்ல குணம்.

வடமராட்சியில் ஆறு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவர். போர்க்காலத்தில் புறப்பட்டு, பல நாடு சுற்றி இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து சேர்ந்தார். இங்கே தங்குவதற்கான அனுமதியான பெர்மெசோ கிடைக்கும்வரை பல்லரோச் சந்தையில் மீன்பெட்டி தூக்கினார். பிறகு ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டு வேலை; நாங்கள் அவரைச் சின்யோரா என்போம். இருபத்திரண்டு ஆண்டுகள் அதே வீடுதான். எங்கள் ஆட்களுக்கு அவர் "சாட்சி அண்ணை". உறவென்று ஒருவரும் இல்லாமல் இங்கே கல்யாணம் எழுதிய எத்தனையோ பிள்ளைகளுக்கு நகரசபையில் சாட்சிக் கையெழுத்து வைத்தவர். எந்தக் கடதாசியையும் அடியிலிருந்துதான் வாசிப்பார். "ஆர் கையெழுத்து வைச்சிருக்கினம் எண்டு பார். மற்றது பிறகு" என்பார்.

சின்யோரா வீட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. நட்சத்திரமும் விசிறியுமாக வெட்டிய, நல்ல பாரமான அமெரிக்கக் கண்ணாடி. சின்யோராவின் தாத்தா அமெரிக்காவில் கண்ணாடி வெட்டும் பட்டறையில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது. "இந்த வடிவத்தை வரைந்ததே என் தாத்தாதான்" என்று சின்யோரா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தன் எண்பதாவது பிறந்தநாளுக்கு அதைத் தாத்தாவின் பெயரோடு ஒரு பெட்டியில் எல்லோரும் பார்க்க வைக்க ஆசைப்பட்டு, ஆதாரம் தேடித்தரும்படி அப்பாவைக் கேட்டார். அப்பா அதை என் தலையில் கட்டினார்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் கண்ணாடியில் வெட்டும் வடிவங்களுக்கும் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள். பழைய தாள்கள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் தலைப்பில் "கண்ணாடிப் பாத்திரத்துக்கான வடிவம்" என்று மொட்டையாக இருக்கும். படம் படமாகப் பார்க்கவேண்டும். ஞாயிறு மத்தியானங்களில் நான் ஒவ்வொன்றாகத் திறக்க, அப்பா பக்கத்தில் இருந்து "இல்லை, இதுவும் இல்லை" என்பார். கிழமைக்கு ஒரு தடவை அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்த மனிதர் அல்லவா! ஒருநாள் துள்ளி எழும்பினார்.

"நிப்பாட்டு! உதுதான். விசிறிக்கு ஏழு கோடு, நடுக்கோடு நீளம். பார்!"

விவரத் தாளைத் திறந்தேன். வடிவமைத்தவர் வேறு யாரோ. ஐயோ என்றிருந்தது.

"சொல்லாதேங்கோ அப்பா. மனிசி பாவம். உங்கடை வேலையும் போயிடும்."

"தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தால் நானும் பொய்க்குச் சாட்சி எல்லோ?"

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டார். "நாளைக்கு வரவேண்டாம்" என்று சின்யோரா கத்தியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பேசாமல் இருந்தார். அறுபது வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது?

மூன்றாம் நாள், "முழுத் தாளையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு வா" என்றார். வியா மக்வேதா தெருவில் ஒரு கடையில் எடுத்து வந்தேன். வழக்கம்போல அடியிலிருந்து பார்த்தார். படத்தின் கீழே இடது மூலையில் "சாட்சிகள்" என்றிருந்தது. அதன்கீழ் இரண்டு கையெழுத்து. இரண்டாவது, சின்யோராவின் தாத்தாவுடையது! திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் அந்த மூலை தெரியவில்லை; நானும் வடிவமைத்தவரின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்பா அந்தத் தாளோடு போய் மணி அடித்தார். சின்யோரா கதவைப் பாதிதான் திறந்தாராம். "வரைஞ்சவர் அவர் இல்லை, சின்யோரா. ஆனால் இது உண்மை எண்டு கையெழுத்து வைச்சவர் அவர்தான்" என்று இவர் தன் இத்தாலியனில் சொல்லித் தாளை நீட்டினார். சின்யோரா அந்தப் பெயரை விரலால் தடவித் தடவி அழுதிருக்கிறார். பிறகு அப்பாவை உள்ளே இருத்தித் தானே கோப்பி ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் அப்பா பழையபடி வேலைக்குப் போனார். பிறந்தநாளன்று பெட்டியில் எழுதியிருந்தது: "சாட்சி: என் தாத்தா."

அதன்பின் வந்த ஆண்டுகள் அப்பாவுக்கு நிறைவானவை. வேலையை விட்டபின் பக்கத்து ஊரான பகேரியாவில் எங்களோடு இருந்தார். பேரப்பிள்ளைகள் இத்தாலியனில் சண்டை பிடிக்க, தமிழில் தீர்ப்புச் சொல்வார். கடைசி மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் நோகுது என்று ஒருநாளும் சொல்லவில்லை. அப்பா, உங்களை நினைத்தால் அழுகையோடு சிரிப்பும் வருகிறது.

ஆஸ்பத்திரியில் முறை வைத்து நின்றவர்களுக்கும், சமைத்து அனுப்பிய வீடுகளுக்கும், வெளிநாடுகளிலிருந்து ஓடிவந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதைச் சின்யோராவுக்கு இத்தாலியனில் மாற்றி வாசித்துக் காட்டினேன். தான் கத்திய இடத்தை எடுக்கச் சொல்வார் என்று பயந்தேன். "அப்படியே இருக்கட்டும். உண்மைதானே" என்றார். பிறகு பேனாவைக் கேட்டார். "எங்கே வைக்கவேண்டும்? அடியில்தானே?"

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். அப்பாவை அறிந்த நீங்கள், உங்கள் கையிலிருக்கும் மலரில் அதை நிரப்பிக்கொள்ளுங்கள்.

சாட்சிகள்:
1. (சின்யோராவின் கையெழுத்து)
2. ..............................