‘மூதி’யை எந்தக் கட்டத்தில் போடுவது?

போன வருஷம் மழைக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நடந்தது இது. இடம், மும்பையில் செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. அந்த ஏசியும் பாதி நாள் ஓடாது.

என் வேலையைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு குரலும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஓடும். பேசுகிறவர் என்ன மனநிலையில் பேசுகிறார் என்று திரையில் இருக்கும் கட்டங்களில் ஒன்றைத் தொட வேண்டும். கோபம், வருத்தம், பயம், சந்தோஷம், பாசம், சாதாரணம். குரலைக் கேட்டு மனதைப் புரிந்துகொள்ள ஒரு செயற்கை நுண்ணறிவைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் அதுவே ஒரு கட்டத்தைக் காட்டும். தப்பாக இருந்தால் நாங்கள் திருத்துவோம். மாதத்துக்கு ஒரு தடவை, எங்கள் திருத்தங்களை எல்லாம் படித்துவிட்டுக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனத்தோடு திரும்பி வரும். நாங்கள் அதைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவோம்.

தமிழ்க் குரல்களில் முக்கால்வாசி தாராவியில் பதிவு செய்தவை. நானும் தாராவியில் பிறந்து வளர்ந்தவள்தான். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பாப்பாவுக்கோ எங்கள் பேச்சு ஆரம்பத்தில் பிடிபடவே இல்லை. “ஏலே, சாப்பிட்டியா?” என்று ஒருவர் நண்பனைக் கேட்டாலே கோபம் என்று காட்டும். யாராவது ‘மூதி’ என்று சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். மூதேவி என்ற வசவுதான் எங்கள் வாயில் மூதி ஆனது. ஆனால் எங்கள் சந்தில் அந்த வார்த்தையை வாங்காமல் வளர்ந்த பிள்ளை ஒன்று கூட இல்லை. திட்டினாலும் மூதி, கொஞ்சினாலும் மூதி.

எங்கள் மேலதிகாரி மாட்டுங்காக்காரர். மூன்று தலைமுறையாக மும்பையில் ஆபீஸ் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம். ஒரு பெண்மணி யாரையோ திட்டும் பதிவை நான் திருத்தியிருந்ததைப் பார்த்துவிட்டுப் பதறிக்கொண்டு வந்தார்.

“என்னம்மா இது? மூதிங்கறா, சவம்ங்கறா. நீங்க அதுக்குப் போய் பாசம்னு போட்டிருக்கேளே?”

“சார், திட்டினதோட நிறுத்தாதீங்க. கடைசில என்ன சொல்றாங்கன்னு கேளுங்க” என்றேன்.

கேட்டார். கடைசியில் அந்தப் பெண்மணி, “மூஞ்சி வாடிக் கெடக்கு, ஒரு வாய் தின்னுட்டுப் போ” என்று முடித்திருந்தார். மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கே ஒரு விதி போட்டார். மூன்று தடவை முழுசாகக் கேட்காமல் யாரும் எதையும் திருத்தக் கூடாது.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள், மீன் விற்கும் அம்மா ஒருவர் தன் புருஷனை வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டு, கடைசியில் குரல் இறங்கி ‘சாப்பிட்டீயளா’ என்பதைக் கேட்டுவிட்டு, பாப்பா தானாகவே பாசம் என்று காட்டியது. நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். பெற்ற பிள்ளை முதல் வார்த்தை பேசியபோது கூட அப்படிக் குதித்ததில்லை. வீட்டிலும் இதே பைத்தியம்தான். கணவர் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னாலும், அது எந்தக் கட்டம் என்று மனதுக்குள் தேடுவேன்.

இவ்வளவு பெரிய கெட்டிக்காரியான நான், கூடப் பிறந்த அக்காவோடு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தேன். அதற்குக் காரணமும் அந்த மூதி என்ற வார்த்தைதான்.

செம்பூரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று நடந்தது அது. என் கணவர் வீட்டாரும் மாட்டுங்காக்காரர்கள். மெதுவாகப் பேசுவார்கள், கோபம் வந்தாலும் ‘நீங்கள்’ என்றுதான் வரும். கூடம் நிறைய அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தாராவியில் ஒரு தையல் பட்டறையில் வேலை செய்கிறாள். பட்டறையிலிருந்து நேராக, கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள். அதில் எனக்குப் பிடித்த உளுந்தங்களி. வாசலில் என்னைப் பார்த்ததும், தெருவுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்துவிட்டாள்.

“ஏட்டி மூதி! எலும்பும் தோலுமா கெடக்க. சோறு திங்கியா, செங்கல்லத் திங்கியா?”

கூடத்தில் எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் தலை குனிந்துகொண்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், “இது தாராவி இல்லக்கா. இங்க வந்து என் மானத்த வாங்காத” என்றேன்.

அக்கா டப்பாவை மேடை மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் யாரும் ‘வாரேன்’ என்று சொல்லாமல் படி இறங்க மாட்டோம். அன்று அவள் சொல்லவில்லை. நானும் கூப்பிடவில்லை. அந்த டப்பா என் சமையலறை அலமாரியிலேயே இருந்தது. என்னைத்தான் அவமானப்படுத்தினாள், அவளே வந்து பேசட்டும் என்று வீம்பாக இருந்தேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று வந்தவை தாராவிப் பட்டறைகளில் பதிவு செய்த குரல்கள். ‘உங்களுக்கு நெருங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பேசச் சொல்லியிருந்தார்கள். பெயர் எதுவும் இருக்காது, வெறும் நம்பர்தான். பதினோராவது குரலைத் தட்டினேன்.

“கூடப் பொறந்தவ ஒருத்தி செம்பூர்ல இருக்கா. சவத்து மூதி. பெரிய வீடு, பெரிய சீமாட்டி. அவ மூஞ்சிலயே முழிக்கக் கூடாதுன்னு இருக்கேன்.”

மூன்று வருஷமாகக் கேட்காத அக்காவின் குரல். மீதி என்ன ஓடியது என்றே காதில் விழவில்லை. இவ்வளவு வெறுப்பா என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். பாப்பா பாசம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இந்த மெஷினுக்கு என்ன தெரியும், எங்கள் சண்டை இதற்குத் தெரியுமா என்று கோபம் என்ற கட்டத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். விதி ஞாபகம் வந்தது. மூன்று தடவை.

இரண்டாம் தடவையும் ‘முழிக்கக் கூடாது’ என்பதைத் தாண்டி என்னால் கேட்க முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மூன்றாம் தடவை, யாரோ ஒரு பெண் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டேன்.

“...முழிக்கக் கூடாதுன்னு இருக்கேன்.” கொஞ்ச நேரம் தையல் மெஷின் சத்தம் மட்டும். அப்புறம் குரல் இறங்கியது. “மழையில நனஞ்சா அவளுக்கு ஆவாது. சின்னதுலேருந்தே மூச்சு இழுக்கும். கொடைய எடுத்துட்டுப் போறாளோ என்னமோ. எங்கயாவது வச்சுத் தொலச்சிருப்பா, மூதி.”

அந்தக் கம்ப்யூட்டருக்கு என் அக்காவைத் தெரியாது. உளுந்தங்களி தெரியாது. பாசம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திட்டி முடித்த பிறகு குரல் இறங்குகிற இடத்தைக் கவனி என்று நான் பழக்கியதை, அது என் அக்கா குரலிலும் கவனித்திருந்தது. யார் யாரோ திட்டியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுப் பாசம் பாசம் என்று தொட்டவள் நான். அக்காவுக்கு மட்டும் அந்த மூன்றாவது தடவையை நான் கொடுக்கவே இல்லை. முதல் வரியோடு நிறுத்திவிட்டு, மூன்று வருஷம் முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். மேஜையில் கவிழ்ந்து அழுதேன்.

தெரிந்தவர் குரல் வந்தால் நாங்கள் தொடக் கூடாது, மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். யார் என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே அவர் கேட்டு முடித்துவிட்டார்.

“இதுல என்ன சந்தேகம்? கொடை கொடைன்னு அடிச்சுக்கறா, பாவம்” என்றார். சவம் என்ற வார்த்தைக்கு முகம் சுளித்த அதே மனுஷர்தான். பாப்பாவைப் பழக்குகிறோம் என்று உட்கார்ந்து, அவர் காதும் மாறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உளுந்தங்களி கிண்டினேன். கட்டி தட்டிவிட்டது. ஆனாலும் அதே டப்பாவில் போட்டுக்கொண்டு தாராவிக்குப் பஸ் ஏறினேன். மடியில் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்த கவனத்தில், குடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். சந்துக்குள் நுழைவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன்.

அக்கா கதவைத் திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏட்டி மூதி, கொட எங்க?”

நான் டப்பாவை நீட்டினேன். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் என் தலையைத் துவட்டத் தொடங்கினாள், வலிக்கிற மாதிரியே துவட்டினாள். களியை ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, “இந்த வயசுல ஒரு களி கிண்டத் தெரியுதா ஒனக்கு?” என்றபடி முழுவதையும் தின்றாள்.

மழை விட்ட பிறகுதான் அந்தப் பதிவைப் பற்றிச் சொன்னேன். அக்கா முதலில் நம்பவில்லை. பட்டறைக்கு யாரோ வந்து பேசச் சொன்னார்கள், பேசினேன், அவ்வளவுதான் என்றாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்.

“அந்த மெஷினு என்னன்னு சொல்லிச்சு?”

“பாசம்னு சொல்லிச்சுக்கா.”

அக்கா திரும்பாமலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அதுக்கு என்னட்டி தெரியும், சவத்து மூதி” என்றாள்.

படி இறங்கும்போது ‘வாரேன்க்கா’ என்று இரண்டு தடவை சொன்னேன். அந்தக் கடைசி மூதி பாப்பாவுக்கா எனக்கா என்று இன்று வரை நான் கேட்கவில்லை. யாருக்காக இருந்தாலும் அதை எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்று இப்போது எனக்கும் பாப்பாவுக்கும் தெரியும்.