அம்மா ஒத்துக்கொண்ட சனிக்கிழமை

முதலில் நழுவியது இடது செருப்பு. கொழும்பின் காலி வீதியில் மரக்கறிக் கடைக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையில் அம்மா வெறுங்காலுடன் சில அடி போய்விட்டார். செருப்பு பின்னால் கிடந்தது. அவர் கவனிக்கவில்லை. வார் தேய்ந்துவிட்டது என்று நினைத்து அன்றே புதுச் செருப்பு வாங்கினோம். அதுவும் நழுவியது.

வீட்டில் ஒருவரின் தலைவலியைப் பல நாட்களாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. கட்டடங்களுக்கு வரைபடம் கீறும் படவரைஞர். எழுதி வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது. அந்த நாட்களில் என் கொப்பியில் இருந்தவை: காலையில் கூடும் தலைவலி. செருப்பு. அடுப்பில் வைத்த பாலை மறத்தல். பகல் தூக்கம்.

அதற்கு ஐந்து கிழமைக்கு முன்னர் அம்மா குளியலறையில் வழுக்கி, சுவரில் தலை இடிபட்டிருந்தது. காயமில்லை, வீக்கமில்லை. முடிந்துபோன விஷயம் என்று நினைத்ததால் அதை எழுதவில்லை. இதயத்துக்காக அவர் தினமும் அஸ்பிரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) எடுப்பதையும் எழுதவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு வைத்தியரிடம் போனோம். பொறுமையான மனிதர். சிங்களத்தில் கேட்டார். பெயர்? விலாசம்? யாருடன் இருக்கிறீர்கள்? சொந்த ஊர்? எப்போது கொழும்புக்கு வந்தீர்கள்? அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்றும் தவறாமல் சொன்னார். கேட்காமலே அடையாள அட்டை இலக்கத்தையும் சொன்னார்.

“உங்கள் அம்மாவின் ஞாபகம் என்னுடையதைவிட நல்லது” என்று சிரித்து, வலிமாத்திரை எழுதினார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்தப் பதில்களை எழுதிக்கொடுத்தது நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள்முதல் சோதனைச் சாவடிகளிலும் சுற்றிவளைப்புகளிலும் கேட்கப்படும் கேள்விகள் இவைதான். சிங்களப் பதில்களைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தேன். காலையும் மாலையும் அம்மாவிடம் கேட்பேன். தடுமாறினால் திரும்பவும் கேட்பேன். எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் அப்படி ஒரு தாள் இருந்தது. வைத்தியர் சோதித்தது அந்தத் தாளை.

அம்மாவின் ஞாபகம் இருந்தது வேறிடத்தில். இளவயதில் அவர் ஒரு சரித்திர நாவலை வாராந்தம் சஞ்சிகையிலிருந்து வெட்டி, தைத்து, நான்கு பாகங்களாகக் கட்டியிருந்தார். இடம்பெயர்ந்தபோது சேலைகளை விட்டுவிட்டு அதைச் சுமந்து வந்தவர். கதையில் ஓர் இளவரசி. அவளை விரும்பும் இருவர்: அதிகம் பேசாத படைத்தலைவன் ஒருவன், அரண்மனையில் ஓலை எழுதுபவன் ஒருவன். கடைசியில் அவள் படைத்தலைவனை மணக்கிறாள். ஓலைக்காரன் தனியாகக் கப்பல் ஏறுகிறான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பிலோமினா அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்ததே மூன்றாம் பாகத்தைத் தேடித்தான். வாடகை நூலகத்தில் யாரோ எங்கள் விலாசத்தைக் கொடுத்திருந்தார்கள். “இரவல் தரமாட்டன். இருந்து வாசிச்சிட்டுப் போம்” என்றார் அம்மா. அன்ரி வாசித்து முடித்த பிறகும் சனிக்கிழமைகளில் வந்தார், சண்டை பிடிக்க. எட்டு வருடச் சண்டை.

“சரசக்கா, உங்கட படைத்தலைவன் ஒரு மரக்கட்டை. அவன்ட குதிரைக்கே அவனை விடக் கூட அன்பு தெரியும்.”

“உமக்கு அழுகிற ஆம்பிளையளைத்தான் பிடிக்கும், பிலோமினா. ராச்சியம் பற்றியெரியேக்க ஓலை எழுதிக்கொண்டிருந்தவனை நம்பி ஒரு பெண் போவாளோ?”

“சண்டைக்காரனைக் கட்டி ஆர் சுகப்பட்டது? சுத்திப் பாருங்கோவன்.”

போர் நடக்கும் நாட்டில் அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். ஆனாலும் அம்மா சொல்வார், அத்தியாய இலக்கத்துடன்.

வைத்தியரிடம் போய்ப் பத்து நாளான சனிக்கிழமை, அன்ரி வழக்கம்போல் சீண்டினார். “அவள் ஓலைக்காரனோட கப்பல் ஏறியிருக்க வேணும்.”

அம்மா மெல்லச் சொன்னார்: “ஓம். அவனோடதானே போனவள்.”

அன்ரி கை தட்டினார். “பிள்ளை, கேட்டனியே! எட்டு வருசத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்டிட்டா! நாளைக்குக் கோயில்ல மெழுகுதிரி கொளுத்திறன்.” நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். அன்ரி தட்டில் கடைசியாக இருந்த வடையையும் எடுத்துக்கொண்டு வெற்றியோடு பஸ் ஏறினார்.

கோப்பைகளைக் கழுவும்போதுதான் என் கை நின்றது. அம்மா தோற்க மாட்டார். தோற்றாலும் கதையை மாற்ற மாட்டார்.

போய்க் கேட்டேன். “அம்மா, இளவரசி ஆரைக் கலியாணம் முடிச்சவ?”

“எந்த இளவரசி?”

என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பெயரையும் விலாசத்தையும் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார்.

உடனே முச்சக்கர வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வழியில் சாவடியில் மறித்தார்கள். அம்மா சிப்பாய்க்குப் பிசகில்லாமல் பதில் சொன்னார். அவன் தலையாட்டி எங்களை விட்டான். அப்படிப் பயந்த பதினைந்து நிமிடங்கள் என் வாழ்வில் வேறில்லை.

அங்கே இருந்த பெண் வைத்தியர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர். “பெயர் விலாசம் கேட்காதீங்கோ டொக்டர். அது பாடமாக்கினது” என்றேன்.

“அப்ப என்னத்தைக் கேட்க?”

“கதையைக் கேளுங்கோ.”

அவர் கேட்டார். அம்மா வாயைத் திறந்து, திறந்தபடி இருந்தார். பிறகு வைத்தியர் அம்மாவைக் கண்ணை மூடி இரு கைகளையும் முன்னே நீட்டச் சொன்னார். இடது கை மெதுவாகக் கீழே இறங்கியது. அம்மாவுக்கு அது தெரியவில்லை. “விழுந்தவவோ?” என்றார் வைத்தியர். அப்போதுதான் குளியலறையைச் சொன்னேன்.

சி.ரி. ஸ்கேனில் (தலையைப் படை படையாகப் படமெடுப்பது) மூளையின் வலப்புறம் பிறைபோல ஒன்று தெரிந்தது. மூளையுறைக் கீழ் இரத்தக்கட்டு (அடிபட்ட பின் மூளைக்கும் அதன் வெளி உறைக்கும் இடையில் கிழமைக்கணக்கில் மெல்லச் சேரும் இரத்தம்). அது மூளையை அழுத்தும்; வலப்புறம் அழுத்தினால் இடது கால் தளரும். மண்டையோட்டில் இரண்டு துளையிட்டு வடித்தார்கள்.

“பத்து நாள் முந்தி வந்திருந்தால்?” என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டேன்.

“அதைச் சொல்ல ஏலாது. அந்தக் கேள்வியை வைச்சுக்கொண்டிருக்காதீங்கோ.”

வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இரண்டு கிழமையில் அம்மா நடந்தார். தலைவலி போனது. என்னைத் தெரியும், அன்ரியைத் தெரியும். ஆனால் நீண்ட எதுவும் அவரில் தங்குவதில்லை. ஒரு பக்கம் வாசித்து முடிவதற்குள் முந்திய பக்கம் மறந்துபோய்விடும். நான்கு பாகங்களும் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றைக் கட்டியது யார் என்று ஒருநாள் கேட்டார்.

அம்மா வீடு திரும்பிய பிறகு அன்ரி வந்த முதல் சனிக்கிழமை சமையலறைக்குள் வந்து அழுதார். “நான் கை தட்டினனான், பிள்ளை. அவ விழுந்துகொண்டிருந்தவ, நான் கை தட்டினனான்.” நானும் சிரித்தேன் என்று சொன்னேன்.

அடுத்த கிழமை அவர் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பேசத் தொடங்கினார். “படைத்தலைவன்தான் சரி, சரசக்கா. ராச்சியம் எரியேக்க ஓலை எழுதிக்கொண்டிருந்தவனை நம்பிப் போகேலுமே?” அம்மாவின் வாதங்கள், அம்மா சொல்லும் ஒழுங்கில், அத்தியாய இலக்கங்களுடன். அவற்றை வேறு யாரும் இனிச் சொல்லப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எதிர்த்துப் பேச ஆளில்லாததால் இடையிடையே நின்று காத்திருந்தார்.

அம்மா விருந்தாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “நீர் சொல்றதும் சரிதான்.”

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால், அவர்கள் விரும்பியதைப் பற்றிக் கேளுங்கள். விழுந்ததை எழுதி வையுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முன்பு நான் நாட்களைத் திகதியால் அறிவேன். இப்போது அம்மாவின் தலைமயிரால் அறிகிறேன். மழித்த இடம் நிறைந்து, காதை மூடி, தோளை நெருங்குகிறது. எண்ணெய் பூசும்போது உள்ளே இரண்டு பள்ளங்களில் என் விரல் தானாக மெதுவாகும். என் தலையிலும் அதே இடங்களைத் தொட்டுப் பார்க்கிறேன். அங்கே எலும்பு இருக்கிறது. உள்ளே இருப்பதைக் காக்க அது போதும் என்று இப்போது தோன்றுவதில்லை.

பின்னேரங்களில் முதலாம் பாகத்தின் முதலாம் அத்தியாயத்தை வாசிப்பேன். “நல்லாயிருக்கு. பிறகென்ன நடந்தது?” என்று அம்மா கேட்பார். நாளைக்கு என்பேன். மறுநாள் திரும்பவும் முதலாம் அத்தியாயம். அதில் இளவரசிக்குப் பதினாறு வயது. கோட்டைச் சுவரில் நின்று கடலைப் பார்க்கிறாள். இன்னும் ஒருவரையும் சந்திக்கவில்லை.