டாக்டர் சொன்னதை நான் குறைத்துச் சொன்னேன்

பிறந்த மறுநாளும் மகளின் கை மூடியே இருந்தது. ஆள்காட்டி விரல் நடுவிரலின் மேல் ஏறிக் கிடந்தது. மெதுவாகப் பிரித்துவிட்டேன். மறுபடியும் ஏறிக்கொண்டது.

எங்கள் மலையூரான தானா ராத்தாவிலிருந்து மலைக்குக் கீழே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது: டிரைசோமி 18 (பதினெட்டாம் குரோமோசோம் என்னும் மரபு இழை இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது). இதயத்தில் ஓட்டை. மூச்சும் அவ்வப்போது நின்றுபோகும்.

டாக்டர் ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை என்றார். என் மனைவி செல்விக்கு மலாயில் விளக்கட்டுமா என்று கேட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். எந்த ஆபீசிலும் எல்லோருக்காகவும் பேசிப் பழகியவன்.

"புள்ள பலவீனமா இருக்கா. தேற நாளாகுமாம்" என்றேன்.

செல்வி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தினாள். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்குக் குழாய் (மூக்கிலிருந்து வயிறுவரை போகும் மெல்லிய குழாய்) வழியே பால் கொடுத்தோம். மலைக் குளிரில் பால் ஆறிவிடாமல் சிரிஞ்சை என் அக்குளில் இடுக்கி வைத்திருப்பேன்.

ஒருநாள் செல்வி ஒரு வயதுக் குழந்தைக்கான சிவப்புச் சட்டை வாங்கி வந்தாள். நான் அதை மடித்து அலமாரியில் வைத்தேன்.

அடுத்த முறை டாக்டர் கேட்டார்: மூச்சு நின்றால் வெண்டிலேட்டரில் (மூச்சு தரும் இயந்திரம்) வைக்கவா? செல்வியிடம் இதை எப்படிக் குறைத்துச் சொல்வது?

"அன்னைக்கு அவரு அவ்ளோ நேரம் பேசினாரு. நீங்க ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டீங்க. நான் என்ன மக்கா?" என்றாள் செல்வி. தாதியிடம் அன்றே மலாயில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"தெரிஞ்சும் ஏன் சட்டை வாங்கினே?"

"அதைப் பார்த்தாவது வாயைத் திறப்பீங்கன்னுதான் லா."

பிறகு டாக்டர் கேட்டதை மலாயில் கேட்டறிந்து, அவளே பதில் சொன்னாள். "மெஷின் வேண்டாம். என் மடியில் இருக்கட்டும்."

இதே நிலையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேட்டதைக் குறைக்காதீர்கள். நான் செல்வியைக் காப்பாற்றுவதாக நினைத்த நாட்களில் அவள் தனியாக அழுதிருக்கிறாள். அந்த நாட்களைத் திருப்பித் தர என்னால் முடியாது.

ஐந்தாம் மாதம், ஒரு காலையில், செல்வியின் மடியில் மகளின் மூச்சு நின்றது. மறுபடி வரவில்லை. என் அக்குளில் சிரிஞ்சு இருந்தது. பால் இன்னும் சூடாக இருந்தது.

இப்போதும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என் கை தானாக விலாவோடு ஒட்டிக்கொள்கிறது.

"என்னங்க, வலிக்குதா?" என்கிறாள் செல்வி.

ஒன்றுமில்லை என்றுதான் வாயில் வருகிறது.

"பால் நேரம்" என்கிறேன்.